தகப்பனிடம் பெயர் கேட்டவன்

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ரயில் போகும்போதெல்லாம் சுவரில் மாட்டிய படங்கள் ஆடுகிற வீடு ஒன்று இருந்தது. யாழ்ப்பாணத்துக் கிளாக்கர்மார் ஆறு பேர் அதைச் சேர்ந்து வாடகைக்கு எடுத்து, ஊரிலிருந்தே ஒரு சமையற்காரரைக் கூட்டிவந்து வைத்துக்கொண்டு வாழ்ந்தார்கள். அப்படிப்பட்ட வீட்டை அந்த நாளில் சமறி என்பார்கள். 1935ஆம் ஆண்டு தில்லைநாதன் அங்கே போய்ச் சேர்ந்தபோது அவனுக்கு இருபத்திரண்டு வயது. மிஷன் பள்ளிக்கூடத்தில் சம்பளம் கட்டாமல் இலவசமாகப் படித்து, இங்கிலிஷில் கெட்டிக்காரன் என்று பெயரெடுத்து, துறைமுகத்துக்குப் பக்கத்தில் கப்பல் எந்திரம் திருத்தும் பட்டறை ஒன்றில் கிளாக்கராக வேலை பெற்றிருந்தான்.

முதல் நாள் இரவுச் சாப்பாட்டிலேயே அந்தக் கேள்வி வந்துவிட்டது. சமறியில் மூத்தவரான ஸ்ரீஸ்கந்தராசா, சோற்றைப் பிசைந்துகொண்டே, ஊர் எது, தகப்பனார் என்ன செய்கிறார் என்று கேட்டார். ஊர் சுன்னாகம் என்றான் தில்லைநாதன். உண்மையில் அவன் ஊர் இணுவில். இணுவில் என்றால் கேட்பவர்களுக்கு மேளச் சத்தம்தான் முதலில் ஞாபகம் வரும். தகப்பனார் கோயிலில் இருக்கிறார் என்றான். அது பொய்யில்லை.

“ஓ, கோயில் மணியமோ?” என்றார் ஸ்ரீஸ்கந்தராசா.

தில்லைநாதனின் வாயில் சோறு இருந்தது. தலையை ஆட்டினானா, ஆட்டவில்லையா என்று பின்னாளில் அவனுக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவன் கோயில் காரியம் பார்க்கும் மணியகாரர் வீட்டுப் பிள்ளை ஆகிவிட்டான்.

அவனுடைய தகப்பனார் பழனிமுத்து ஒத்துக்காரர். நாகஸ்வரம் வாசிப்பவருக்குப் பின்னால் உட்கார்ந்து, பாட்டு என்று எதுவும் வாசிக்காமல், ஒரே சுருதியை மூச்சு அறாமல் பிடித்துக்கொண்டிருக்கும் குழலுக்கு ஒத்து என்று பெயர். மேளக் கூட்டத்தில் மாலையும் சால்வையும் நாகஸ்வரக்காரருக்கும் தவில்காரருக்கும் போகும். ஒத்துக்காரரைத் திரும்பிப் பார்ப்பவர் குறைவு. அது ஒரு பக்கம். மேளகாரர் வீட்டில் வெள்ளாளர் கை நனைக்க மாட்டார்கள் என்பதும், மேளகாரரோடு ஒரே வரிசையில் இருந்து சாப்பிட மாட்டார்கள் என்பதும் இன்னொரு பக்கம். சமறியில் மற்ற ஐந்து பேரும் வெள்ளாளர். கொழும்பிலே சிங்களவருக்கும் சோனகருக்கும் பறங்கியருக்கும் அவர்கள் ஆறு பேரும் வித்தியாசமில்லாத யாழ்ப்பாணத்தார்தான். தில்லைநாதன் வேறு என்பது யாழ்ப்பாணத்தாருக்குள் மட்டும் செல்லுபடியாகிற சங்கதி.

பழனிமுத்துவின் கூட்டத்துக்கு வருஷத்தில் ஒன்றிரண்டு தடவை கொழும்புக் கோயில்களிலிருந்து அழைப்பு வரும். அப்போது அவர்கள் கொட்டாஞ்சேனையில் ஒரு மடத்தில் தங்குவார்கள். தில்லைநாதன் வேலை முடிந்து அங்கே போய்த் தகப்பனைப் பார்த்து, ஏதாவது வாங்கிக் கொடுத்துவிட்டு வருவான். அவன் எங்கே இருக்கிறான், யாரோடு இருக்கிறான், வந்து பார்க்கலாமா என்று பழனிமுத்து ஒருநாளும் கேட்டதில்லை. கேட்காமல் விடுகிறாரே என்பது அவனுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. ஏன் கேட்காமல் விடுகிறார் என்று அவன் யோசித்துப் பார்க்கவில்லை.

பட்டறையில் அவனுக்கு மேலே இருந்தவர் ஹெட்லி துரை. நாற்பது வயதுக்கு மேற்பட்ட எஞ்சினியர். தனி ஆள். மற்றத் துரைமார் பணக்காரப் பகுதிகளான கறுவாத் தோட்டத்திலும் கொள்ளுப்பிட்டியிலும் பெரிய வளவுகளில் இருக்க, இவர் கொட்டாஞ்சேனையில் சாந்த லூசியா என்ற கிறிஸ்தவக் கோயிலுக்குப் பின்தெருவில் ஒரு சின்ன வீட்டில் இருந்தார். அவர் பேசும் இங்கிலிஷ் ஒரு மாதிரி ஏறி இறங்கி, பாதிச் சொற்கள் தொண்டைக்குள்ளேயே நின்றுவிடும். வந்த புதிதில் தில்லைநாதனுக்கு அரைவாசி விளங்கவில்லை. துரைமாரும் அவர் இல்லாத இடத்தில் அவர் பேச்சைப் பேசிக்காட்டிச் சிரிப்பதை அவன் கேட்டிருக்கிறான்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம், அவசரமாகக் கையெழுத்து வேண்டிய எந்திரப் படங்களை எடுத்துக்கொண்டு அவன் அந்த வீட்டுக்குப் போனான். படியில் கால் வைத்தவன் அப்படியே நின்றுவிட்டான். உள்ளே யாரோ ஒத்துப் பிடிப்பதுபோல இருந்தது. சத்தம் சின்னது, இனிமையானது, வண்டு முரல்வது போன்றது. ஆனாலும் அசையாத சுருதி. சின்ன வயதில் திருவிழா நேரங்களில் தகப்பனின் முதுகில் தலையைச் சாய்த்துக்கொண்டு தூங்கிப்போன பிள்ளை அவன். காதுக்கு வருமுன்னே முதுகெலும்பு வழியாக அந்தச் சுருதி அவனுக்குள் இறங்கும். இப்போதும் அவன் உடம்புதான் முதலில் அதை அறிந்துகொண்டது.

ஹெட்லி துரை ஒரு கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். இடது அக்குளில் ஒரு தோற்பை. வலது முழங்கையோடு வாரால் கட்டிய சின்னத் துருத்தி. பையிலிருந்து மூன்று நான்கு குறுங்குழல்கள் மார்புக்குக் குறுக்கே கிடந்து சுருதி பிடித்தன. விரல்கள் ஓடிய குழலில் பாட்டு, பயற்றங்காய் உடைத்துப் பயறு சிந்துவதுபோல, ஒவ்வொரு சுரமாகத் தனித்தனியே தெறித்து விழுந்தது. துருத்திதான் காற்றுக் கொடுத்தபடியால் அவர் வாய் சும்மா இருந்தது. வாசித்துக்கொண்டே அவனை உள்ளே வரச் சொன்னார்.

தில்லைநாதன் மரியாதைக்கு ஏதாவது சொல்லவேண்டுமென்று, ஸ்கொட்லாந்து பாக்பைப் நன்றாயிருக்கிறது என்றான். துரையின் கை நின்றுவிட்டது. இது ஸ்கொட்லாந்துக் குழல் இல்லை, நோதம்பர்லண்ட் குழல் என்றார். அவருடைய ஊர் ஸ்கொட்லாந்தின் எல்லையோடு ஒட்டிய இங்கிலாந்து. ஸ்கொட்லாந்துக்காரர் அவர்களை இங்கிலாந்துக்காரர் என்று தள்ளுவார்களாம். லண்டன்காரர் பேச்சைக் கேட்டுவிட்டு ஸ்கொட்லாந்தா என்று கேட்பார்களாம். இந்தக் குழல் படையோடு நடந்து ஊதுகிற குழல் அல்ல. வீட்டுக்குள் அடுப்பங்கரையில் நாலு பேர் கேட்க இருந்து வாசிப்பது. போன நவம்பரில் கிளப்பிலே ஸ்கொட்லாந்துக்காரர் நடத்திய விருந்துக்கு, குட்டைப் பாவாடை கட்டிக்கொண்டு வந்து வாசிக்கச் சொன்னார்களாம். என் ஊரை மறைத்துக்கொண்டு வாசிக்க மாட்டேன் என்று இவர் எழுந்து வந்துவிட்டாராம். அதற்குப் பிறகு அங்கே இவருக்கு ‘சுரங்கக்காரன்’ என்று பெயர்.

“அதிலே பொய்யில்லை,” என்றார் துரை. “என் தகப்பன் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தவர். இந்தக் குழலும் அவருடையதுதான்.”

ஒரு வெள்ளைக்காரன், தேத்தண்ணீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, தனக்குக் கீழே வேலை செய்யும் கிளாக்கரிடம், தன் தகப்பன் கரி வெட்டியவர் என்று சொல்வதைக் கேட்டுத் தில்லைநாதன் திகைத்துப்போனான். அந்த நேரத்தில் தன் தகப்பனைப் பற்றிச் சொல்ல அவனுக்கும் வாய் வரை வந்தது. ஆனால் வெளியே வந்தது வேறு. எங்கள் கோயில் இசையிலும் சுருதி பிடிக்கவென்றே ஒரு குழல் உண்டு என்று மட்டும் சொன்னான். துரை முன்னுக்குச் சாய்ந்தார். அதை வாசிக்கிற யாரையாவது உனக்குத் தெரியுமா என்று கேட்டார்.

இல்லை, தூர இருந்து கேட்டிருக்கிறேன் என்றான் தில்லைநாதன்.

துரை அதை மறக்கவில்லை. அடுத்த ஆடிவேல் விழாவுக்கு, செட்டியார் தெருவிலிருந்து வேல் இரதம் புறப்பட்டு வெள்ளவத்தைக் கோயிலுக்கு வந்து சேர்ந்த கிழமையில், யாழ்ப்பாணத்து மேளம் வந்திருப்பதாக யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள். என்னைக் கூட்டிப்போய்க் காட்டு என்று தில்லைநாதனிடம் கேட்டார். எந்த மேளம் வந்திருக்கிறது என்பது அவனுக்குத் தெரியும். தலையிடி என்று சொல்லிக்கொண்டு அந்தக் கிழமை முழுவதும் கோயில் பக்கம் போகாமல் இருந்தவன் அவன். துரை கேட்டபோது தலையிடியைச் சொல்ல முடியவில்லை. போதாததற்கு, வெள்ளைக்காரத் துரை வரப்போகிறார் என்று அறிந்து, அறிமுகமாகிக்கொள்ளலாமென்று ஸ்ரீஸ்கந்தராசாவும் கஞ்சி போட்ட சேட்டோடு கூடவே வந்தார்.

கூட்டத்தில் ஓர் ஓரமாகத் துரையை நிறுத்திவிட்டு, இடையில் எப்படியாவது கூட்டிக்கொண்டு போய்விடலாமென்று தில்லைநாதன் எண்ணியிருந்தான். நடந்தது வேறு. மேளகாரர் இளைப்பாற நிறுத்தியதும் துரை சப்பாத்தைக் கழற்றிவிட்டு நேரே மண்டபத்துக்குள் நடந்தார். நாகஸ்வரக்காரர் அவசரமாக எழுந்தார். துரை அவரைத் தாண்டிப்போய், தூணடியில் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்த ஒத்துக்காரருக்கு முன்னால் குந்திக்கொண்டார். பெயர் என்ன என்று கேள் என்று தில்லைநாதனிடம் சொன்னார்.

ஸ்ரீஸ்கந்தராசா பக்கத்தில் நின்றார். தில்லைநாதன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

“உங்கட பேர் என்னெண்டு துரை கேக்கிறார்.”

பழனிமுத்து நிமிர்ந்து மகனைப் பார்த்தார். பிறகு அவனோடு நின்ற மனிதரைப் பார்த்தார். கையிலிருந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்து நின்றார்.

“பேரிலை என்ன கிடக்கு, ஐயா. ஒத்துக்காரன் எண்டு சொல்லுங்கோ.”

அந்தக் குரலில் கோபமில்லை. ஒரு கணமும் தடுமாறாமல், யாரோ ஓர் உத்தியோகத்தருக்குச் சொல்லுகிற பணிவோடு சொன்னார். தில்லைநாதன் அதை இங்கிலிஷில் சொன்னான். இவ்வளவு நேரம் மூச்சு அறாமல் எப்படிப் பிடிக்கிறார் என்று துரை கேட்டார். கன்னத்தில் காற்றை நிறைத்து வைத்துக்கொண்டு, அது போகிற நேரத்தில் மூக்கால் இழுப்பதைப் பழனிமுத்து செய்து காட்டினார். கன்னம் இரண்டும் பூரிபோல உப்பின.

ஸ்ரீஸ்கந்தராசா தமிழில் சொன்னார்: “காத்தெல்லாம் கன்னத்திலைதான். தலைக்குள்ளை ஒண்டும் இல்லாதவனுக்குத்தானே ஒத்தைக் குடுக்கிறது.”

தில்லைநாதன் சிரித்தான். சிரிக்கவேண்டுமென்று நினைத்துச் சிரிக்கவில்லை. சமறியில் ஸ்ரீஸ்கந்தராசா எதைச் சொன்னாலும் சிரித்துப் பழகிய வாய் அது. சத்தமாகக்கூடச் சிரிக்கவில்லை. ஆனால் பழனிமுத்துவின் காதில் விழுந்தது. பெரிய மனிதர் பகிடி விட்டால் சபைக்கு மரியாதையாகச் சிரிக்கவேண்டும் என்பதுபோல, அவரும் சிரித்தார்.

அன்றிரவு அவனால் சாப்பிட முடியவில்லை. பெயர் கேட்டதற்கு ஆயிரம் நியாயம் சொல்லிக்கொள்ளலாம். துரை கேட்டார், கேட்டேன். சிரித்ததற்கு ஒரு நியாயமும் கிடைக்கவில்லை.

துரைக்கு ஒரே உற்சாகம். ஒத்துக்காரரைத் தன் வீட்டுக்குக் கூட்டிவரவேண்டும், இரண்டு குழலையும் சேர்த்துப் பார்க்கவேண்டும் என்று நின்றார். விழா முடிந்த மறுநாள், மேளகாரர் ஊருக்குப் புறப்படுமுன், தில்லைநாதன் மடத்துக்குப் போனான். எப்படி முகத்தில் முழிப்பது என்று வழி முழுவதும் யோசித்துக்கொண்டு போனான். பழனிமுத்து கேட்டவுடன் ஒத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு புறப்பட்டார். தெருவில் அவனுக்கு ஓரடி பின்னால் நடந்தார். கார் வந்தபோது, “பாத்து வாருங்கோ, ஐயா,” என்றார்.

தில்லைநாதன் நின்றான். “அப்பு, இப்ப ஆர் இருக்கினம் இஞ்சை? ஏன் இப்பிடிக் கூப்பிடுறியள்?”

“வழியிலை பழகிக்கொண்டு வந்தால்தான் அங்கை நாக்குத் தடக்காது,” என்றார் பழனிமுத்து.

குத்திக்காட்டுவதற்காக அவர் சொல்லவில்லை. கச்சேரிக்கு முன் குழலின் வாயில் செருகும் சீவாளியை நனைத்துப் பதம் பார்ப்பதுபோல, செய்யவேண்டிய காரியத்தை ஒழுங்காகச் செய்வதற்காகச் சொன்னார். இருவரும் சாந்த லூசியா கோயிலைத் தாண்டி, முன்னும் பின்னுமாக நடந்து போனார்கள்.

துரை வீட்டில் முதலில் ஒன்றும் சரிவரவில்லை. ஒத்தின் சத்தத்துக்கு முன்னால் துரையின் குழல் இருக்கிற இடம் தெரியவில்லை. சுருதியும் சேரவில்லை. துரை தன் குறுங்குழல்களைக் கொஞ்சம் இழுத்து, கொஞ்சம் தள்ளிப் பார்த்தார். பழனிமுத்து சீவாளியைக் கழற்றி மாற்றிப் பார்த்தார். ஒருவர் பேச்சு மற்றவருக்குத் தெரியாதபோதிலும், வேண்டாம் என்பதற்கும் இன்னும் கொஞ்சம் என்பதற்கும் அவர்களுக்குத் தில்லைநாதன் தேவைப்படவில்லை. கடைசியில் சுருதி ஒட்டிக்கொண்டது. சத்தம் கூடிப்போனதற்குப் பழனிமுத்து தானே ஒரு வழி கண்டுபிடித்தார். எழுந்து வெளியே போய், வளவின் மூலையில் ஈரப்பலா மரத்தடியில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு பிடித்தார். இப்போது அது தூரத்துக் கோயிலில் கேட்பதுபோல வந்தது. உள்ளே துரை தன் ஊர்ப் பாட்டொன்றை மெல்ல வாசித்தார். இடையில் வாசற்படியில் தில்லைநாதன் நின்றான்.

பாட்டு முடிந்ததும் துரை வெளியே வந்தார். கண்கள் கலங்கியிருந்தன. அவருக்குப் பிள்ளைகள் உண்டா என்று கேள் என்றார்.

“பிள்ளையள் இருக்கினமோ எண்டு கேக்கிறார்.”

“ஒரு மகன். கொழும்பிலை நல்ல உத்தியோகத்திலை இருக்கிறான் எண்டு சொல்லுங்கோ,” என்றார் பழனிமுத்து.

“அவர் வாசிப்பாரோ எண்டு கேக்கிறார்.”

“இல்லை, ஐயா. நான் அவனுக்குக் குழலைக் குடுக்கேல்லை. பள்ளிக்கூடத்துக்கு விட்டனான்.”

தில்லைநாதன் துரையின் பக்கம் திரும்பினான். இங்கிலிஷில் ஒரே ஒரு வசனம் சொன்னான். அந்த மகன் நான்தான்.

பழனிமுத்து தான் சொன்னதைத்தான் மகன் மொழிபெயர்க்கிறான் என்று எண்ணி, தலையை ஆட்டிக்கொண்டு நின்றார். துரை தில்லைநாதனை வெகுநேரம் பார்த்தார். கோயிலில் பெயர் கேட்டது அவர் மனதில் ஓடியிருக்கவேண்டும். முகம் மெல்ல மெல்லச் சிவந்தது. நீ மகன் என்பது எனக்குத் தெரியும் என்று அவரிடம் சொல் என்றார். தில்லைநாதன் வாயைத் திறந்தான். தகப்பன் இவ்வளவு பாடுபட்டுக் காத்துக்கொண்டு நிற்பதை அவரிடமே உடைத்துப்போட அவனால் முடியவில்லை.

“நல்லாப் பிடிச்சதெண்டு சொல்லுறார்,” என்றான்.

துரை பழனிமுத்துவைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்த் தன் கதிரையில் இருத்தினார். தில்லைநாதனை இரு என்று சொல்லவில்லை. அதன் பிறகு பட்டறையில் அவர் அவனை நியாயமாகவே நடத்தினார். வேலையில் குறை சொன்னதில்லை. ஆனால் அந்த வீட்டுக்கு அவனை மீண்டும் அழைக்கவில்லை. தில்லைநாதனுக்கு அது சரியென்றே பட்டது. துரையிடம் சொன்னதால் அவனுக்கு நட்டமொன்றுமில்லை என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. வெள்ளைக்காரனுக்கு மேளகாரரும் ஒன்று, வெள்ளாளரும் ஒன்று. சொல்லவேண்டிய இடம் வெள்ளவத்தையில் இருந்தது. அங்கே அவன் மணியகாரர் மகனாகவே சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

அதற்கும் முடிவு வந்தது. ஸ்ரீஸ்கந்தராசாவுக்கு நாகேஸ்வரி என்று ஒரு தங்கை. நல்ல பொடியன், அடக்கமானவன், கையில் உத்தியோகம் இருக்கிறது என்று அவர் தில்லைநாதனைத் தங்கைக்குப் பார்த்திருந்தார். ஒருநாள் சாப்பாட்டு நேரம் எல்லாருக்கும் முன்னால் அதைச் சொல்லி, அடுத்த லீவுக்குச் சுன்னாகத்துக்குப் போய் அவன் தகப்பனாரைக் கண்டு பேசப்போவதாகவும் சொன்னார்.

இனி ஒளிக்க இடமில்லை. தில்லைநாதன் கையைத் தட்டில் வைத்தபடியே, ஊர் சுன்னாகம் இல்லை, இணுவில் என்றான். தகப்பனார் கோயிலில்தான், ஆனால் மணியம் இல்லை, ஒத்துக்காரர் என்றான். ஸ்ரீஸ்கந்தராசா எதையோ ஞாபகப்படுத்திப் பார்ப்பவர்போல இருந்தார்.

“அண்டைக்கு வேல் திருவிழாவிலை, துரை கதைச்ச அந்த மனுசன்...?”

“ஓம். அவர்தான்.”

ஏசப்போகிறார், எழும்பிப் போகப்போகிறார் என்று தில்லைநாதன் எதிர்பார்த்தான். ஸ்ரீஸ்கந்தராசா குரலை உயர்த்தவில்லை.

“நான் ஆளைத் தெரியாமல் சொன்னனான்,” என்றார். “நீர் தெரிஞ்சுகொண்டு சிரிச்சனீர்.”

சாதித் தடிப்புப் பிடித்த மனிதர் என்று அவரைப் பிற்காலத்தில் எத்தனையோ தடவை மனதுக்குள் ஏசிப் பார்த்திருக்கிறான் தில்லைநாதன். அது உண்மையும்தான். மறுநாள் அவன் குளித்துவிட்டு வருவதற்குள் மற்றவர்கள் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். அதற்கடுத்த நாளும் அப்படியே. அவன் தண்ணீர் குடிக்கும் செம்பு யன்னல் கட்டின்மேல் தனியாக இருந்தது. போ என்று யாரும் சொல்லவில்லை. இதையெல்லாம் நினைத்து அவர்கள்மேல் கோபப்படலாம், கோபப்பட்டும் இருக்கிறான். ஆனால் கோபப்படும்போதெல்லாம் ஸ்ரீஸ்கந்தராசா சொன்ன அந்த ஒரு வசனம் முன்னுக்கு வந்து நிற்கும்.

அந்த மாதமே அவன் கொட்டாஞ்சேனையில் ஓர் அறை எடுத்துக்கொண்டு போய்விட்டான். துணிந்து உண்மையைச் சொன்னதாக அவன் ஒருநாளும் தன்னைப் பற்றி எண்ணிக்கொள்ளவில்லை. பிடிபடப் போகிறவன் முந்திக்கொண்டு சொன்னான், அவ்வளவுதான்.

1942இல் யப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டபோது, துறைமுகத்தை அண்டியிருந்த பட்டறைக் கூரையில் ஒரு பக்கம் பறந்துபோனது. சனம் மூட்டை முடிச்சோடு ஊருக்கு ஓடியது. தில்லைநாதனும் நிற்க இடமில்லாத ரயிலில் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தான். தாய் அவன் சின்ன வயதிலேயே போய்விட்டவள். வீட்டில் தகப்பன் மட்டும்தான். முற்றத்தில் இருந்து சீவாளி கட்டிக்கொண்டிருந்த பழனிமுத்து, படலை திறந்த சத்தம் கேட்டு எழுந்தார்.

“வாங்கோ,” என்றார்.

பக்கத்தில் ஆள் இருக்கிறதோ என்று தில்லைநாதன் சுற்றிப் பார்த்தான். ஒருவருமில்லை. ஒரு கிழமை போனது. சாப்பிடுங்கோ, படுங்கோ, வெயிலுக்குள்ளை போகாதேங்கோ. ஒருநாள் அவன் தாங்கமாட்டாமல் கேட்டுவிட்டான்.

“அப்பு, என்னை நீ எண்டு சொல்லுங்கோவன்.”

பழனிமுத்து யோசித்தார். “சொல்லலாம். வாய்க்குள்ளை வருகுதில்லை,” என்றார். பிறகு, அரிசி கிடைக்கிற பாட்டைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று தில்லைநாதன் அங்கே இருந்த நாளெல்லாம் நினைத்தான். ஒவ்வொரு தடவையும் அவன் பேச்சை அந்தப் பக்கம் திருப்பும்போது தகப்பன் வேறு பக்கம் திருப்பினார். நடந்ததெதுவும் நடக்காததுபோலப் பேசினார். அப்படி நடக்காததாகிவிட்டதற்கு எப்படி மன்னிப்புக் கேட்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. ஒரு தடவையாவது அவர் ஏசியிருந்தால், அதைப் பிடித்துக்கொண்டு காலில் விழுந்திருப்பான்.

பட்டறை மீண்டும் நடக்கத் தொடங்கியதும் அவன் கொழும்புக்குத் திரும்பினான். அடுத்த வருஷம் பழனிமுத்துவே பார்த்து, தங்கள் ஆட்களுக்குள்ளேயே இராமலெட்சுமி என்ற பெண்ணை அவனுக்குக் கட்டிவைத்தார். கலியாணத்தில் மேளத்துக்குக் குறைவில்லை. பட்டறையில் இருந்து ஒருவரையும் அவன் அழைக்கவில்லை. தூரம், யுத்த காலம் என்று தனக்குச் சொல்லிக்கொண்டான். அதற்கடுத்த வருஷம் காய்ச்சலில் பழனிமுத்து காலமானார். தந்தி கிடைத்து, ரயில் ஏறி அவன் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பட்டறையில் சொந்தக்காரர் ஒருவர் தவறிவிட்டார் என்று சொல்லி லீவு எடுத்திருந்தான். திரும்பி வந்தபோதும் யாருக்கும் வேறு விபரம் சொல்லவில்லை.

யுத்தம் முடிந்த மறுவருஷம் ஹெட்லி துரை வேலையை விட்டு ஊருக்குப் புறப்பட்டார். கடைசி நாளன்று மத்தியானம், தலைமைக் கிளாக்கராகிவிட்டிருந்த தில்லைநாதனின் மேசையடிக்கு வந்து நின்றார். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, உன் தகப்பனார் எப்படி இருக்கிறார் என்று கேட்டார். அவர் போய் இரண்டு வருஷமாகிறது என்றான் தில்லைநாதன். எனக்குச் சொல்லியிருக்கலாமே என்றார் துரை. பிறகு தன் அறைக்குள் போனார். கப்பலுக்கென்று கட்டி வைத்திருந்த சாமான்களுக்குள்ளிருந்து ஒரு பெட்டியை எடுத்துத் திறந்தார்.

குழலோடு வெளியே வந்து, கிளாக்கர்மார் இருக்கும் கூடத்தின் நடுவில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். தட்டச்சு மெஷின்கள் நின்றன. எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, தன்னுடைய தொண்டைக்குள் நிற்கிற இங்கிலிஷில், ஒத்துக்காரர் என்பதை மட்டும் தமிழிலேயே வைத்து, இது ஒத்துக்காரர் ஒருவருக்காக என்றார். எனக்கு ஒருநாள் சுருதி பிடித்தவர். இவருடைய தகப்பனார். பெயரை அன்றைக்கு எனக்குச் சொல்லவில்லை.

தில்லைநாதன் எழுந்து நின்றான். “பழனிமுத்து,” என்றான்.

துரை அந்தப் பெயரைத் தன்னால் முடிந்தவரை திருத்தமாகத் திருப்பிச் சொன்னார். துருத்தி அசைந்தது. சுருதி முதலில் எழுந்தது.

இந்த நேரத்தில் தான் அழுதிருக்கவேண்டும் என்று தில்லைநாதன் பின்னாளில் மனைவியிடம் சொன்னான். ஆனால் அவன் செய்தது வேறு. பாட்டுத் தொடங்குமுன்னே அவன் கண் தன்னையறியாமல் கூடத்தைச் சுற்றி ஓடியது. யுத்தத்துக்குப் பிறகு புதிதாக வந்த யாழ்ப்பாணத்துக் கிளாக்கர்மார் மூவர் யன்னலோரம் இருந்தார்கள். ஒத்துக்காரர் என்ற சொல் அவர்களுக்கு விளங்கியதோ, என்ன நினைக்கிறார்களோ என்று அவன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். மூன்றாவது முகத்தில் நிற்கும்போதுதான், தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று அவனுக்கு விளங்கியது. தகப்பனுக்காக ஒருவர் வாசிக்கிற பாட்டில் முதல் பாதியை அவன் கேட்கவேயில்லை.

மிச்சப் பாதிக்குத் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.